சட்டம் எந்தப் படியில் காத்திருக்கிறது? வேளாண் தொழிலைப் பெருக்கும் முன் தடைகளை அளக்க ஒரு வழிகாட்டி

செக்கு போட்டவர், மஞ்சள் அரைத்துப் பாக்கெட் போடுகிறவர், முருங்கை இலையைப் பொடியாக்கி விற்கிறவர் என்று யார் வந்தாலும் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: “என்னென்ன லைசென்ஸ் வேணும்ங்க?”

பட்டியல்தான் வேண்டுமென்றால் எந்தப் பிரவுசிங் சென்டரிலும் கிடைக்கும். அந்தப் பட்டியலில் எது இன்றைக்கே தேவை, எது மூன்றாவது செக்கு வாங்கும்போது வரும், எது காசு கட்டினால் முடியும், எது இரண்டு வருடம் இழுக்கும் என்பதை எவரும் எழுதித் தருவதில்லை. தொழில் தொடங்கும்போது சட்டம் பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கும். விற்றுமுதல் ஒரு எண்ணைத் தாண்டும்போது, மோட்டார் ஒரு குதிரைத்திறனைத் தாண்டும்போது, பார்சல் மாநில எல்லையைத் தாண்டும்போது விழித்துக்கொள்ளும். ஆகவே தடையை அளப்பது என்றால், நாம் ஏறப்போகும் படிகளை முன்கூட்டியே வரைந்து, எந்தப் படியில் எது காத்திருக்கிறது என்று குறிப்பதுதான்.

ஈரோடு மாவட்டத்தில் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்குக் காகித வேலை பார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. கோபிசெட்டிபாளையம் பக்கத்துத் தம்பி ஒருவருக்காகப் போட்ட கணக்கையே இங்கே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். அவரிடம் இருந்தவை இரண்டு மரச்செக்கு, மஞ்சள் அரைக்க ஒரு பல்வரைசர், ஒரு தகரக் கொட்டகை. வருட விற்பனை 9 லட்சம். அதை மூன்று வருடத்தில் 60 லட்சத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது ஆசை.

படி 1: ஏழு எண்கள்

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் இன்று, வலப்பக்கம் மூன்று வருடம் கழித்து. இரண்டு பக்கமும் ஏழு எண்களை எழுதுங்கள்: வருட விற்றுமுதல், ஒரு நாள் உற்பத்தி, மோட்டார்களின் மொத்தக் குதிரைத்திறன் (எச்பி), ஆட்களின் எண்ணிக்கை, கையிருப்புச் சரக்கு, கட்டடம் நிற்கும் சர்வே எண், விற்கும் ஊர்கள்.

தம்பியின் தாளில் இடப்பக்கம் 13.5 எச்பி, 3 ஆட்கள், ஒரு நாளைக்கு 60 லிட்டர், விற்பனை கோபி, சத்தி, ஈரோடு. வலப்பக்கம் ஆறு செக்கு, 12 ஆட்கள், 300 லிட்டர், விற்பனை பெங்களூரு, பாண்டிச்சேரி வரை. இந்த எண்கள் உத்தேசமாக இருந்தால் போதும், ஆனால் எழுத்தில் இருக்க வேண்டும். “பெருசா பண்ணலாம்னு இருக்கேங்க” என்பதை எந்தச் சட்டத்தோடும் ஒப்பிட்டுப் பார்க்க முடியாது.

படி 2: விளைபொருள் எங்கே ‘பொருள்’ ஆகிறது?

விவசாயி என்பதால் சட்டம் பல சலுகைகள் தருகிறது. அந்தச் சலுகை எந்த இடத்தில் அறுபடுகிறது என்பதில்தான் பலருக்கும் அடி விழுகிறது. ஒவ்வொரு சட்டமும் வேறு வேறு இடத்தில் கோடு போட்டிருப்பதுதான் சிக்கல்.

மஞ்சளையே பாருங்கள். வயலிலிருந்து பிடுங்கிய பச்சை மஞ்சளுக்கு ஜிஎஸ்டி கிடையாது. வேகவைத்துக் காயவைத்துப் பாலிஷ் போட்ட விரலி மஞ்சளுக்கு 5 சதவீதம். ஆனால் வருமான வரியின் கண்ணில் அதே வேகவைத்த விரலி இன்னும் விவசாய வருமானம்தான். ஏனென்றால் விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுவர ஒரு விவசாயி வழக்கமாகச் செய்கிற பக்குவம் எதுவோ, அதுவரை அந்தச் சட்டம் விட்டுக்கொடுக்கிறது. பொடியாக அரைத்து உங்கள் பெயரில் பாக்கெட் போட்டதும் அரைத்ததால் வந்த லாபம் வியாபார வருமானம். அங்கேயும் ஒரு நியாயம் உண்டு: சொந்த வயலின் மஞ்சளை அரைத்திருந்தால், அந்த மஞ்சளின் சந்தை விலையைக் கழித்துக்கொண்டு மீதிக்குத்தான் வரி. கழிக்க வேண்டுமென்றால் அன்றைய விலைக்கு ஆதாரம் வேண்டும். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தின் அன்றைய ஏல விலைப் பட்டியலை எடுத்துக் கோப்பில் வைப்பது இதற்காகத்தான்.

உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2006 போடும் கோடு மூன்றாவது இடத்தில் இருக்கிறது. விவசாயி, விவசாய வேலை, விவசாயி கையில் இருக்கும் பயிர் ஆகியவற்றை அது தொடுவதில்லை. அரைத்தோ ஆட்டியோ அடைத்தோ விற்கும் நொடியில் நீங்கள் உணவு வணிகர்.

ஜிஎஸ்டியில் இன்னொரு நுணுக்கம். தன் நிலத்தில் விளைந்ததை மட்டும் விற்கும் விவசாயி பதிவே செய்ய வேண்டியதில்லை, எத்தனை லட்சத்துக்கு விற்றாலும். பக்கத்து வயல்காரரின் கடலையை வாங்கி விற்றால் அந்தப் பகுதிக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. 2022 ஜூலை 18 முதல், அடைத்து லேபிள் ஒட்டிய 25 கிலோ வரையிலான அரிசி, மாவு, பருப்புக்கும் 5 சதவீதம் வந்துவிட்டது. மூட்டையில் விற்றால் இல்லை, ஐந்து கிலோ பையில் உங்கள் ஊர்ப் பெயர் போட்டு விற்றால் உண்டு.

உங்கள் ஒவ்வொரு பொருளுக்கும் இந்த மூன்று கோடுகளையும் தனித்தனியே போட்டுப் பாருங்கள். செக்கு எண்ணெய்க்கு இது எளிது, ஆட்டியதும் மூன்று கோட்டையும் ஒரே தாவாகத் தாண்டியாயிற்று. தேங்காய், வெல்லம், ஊறவைத்துக் காயவைத்த நெல்லிக்காய் போன்றவற்றில்தான் ஆடிட்டரோடு உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும்.

சில பொருள்களுக்கு வேறொரு சட்டம் குறுக்கே நிற்கும். நீரா நல்ல உதாரணம். தென்னம்பாளையிலிருந்து இறக்கும் இனிப்புச் சாறுதான் என்றாலும், அது மதுவிலக்குச் சட்டம், 1937-இன் பிடியில் இருந்தது; 2017-இல் தனி விதிகள் வந்த பிறகே உரிமம் பெற்று இறக்க வழி பிறந்தது. விதை விற்க நினைக்கிறவருக்கு விதைச் சட்டமும் 1983-ஆம் ஆண்டு விதைக் கட்டுப்பாட்டு ஆணையும், மண்புழு உரத்தை மூட்டை போட்டு விற்க நினைப்பவருக்கு 1985-ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணையும். “இது வெறும் சாணிதானே” என்ற பதில் செல்லாது.

படி 3: கொட்டகை நிற்கும் மண்

இந்தப் படியை எல்லோரும் கடைசியில் பார்க்கிறார்கள். நான் முதல் வாரத்திலேயே பார்க்கச் சொல்வேன்.

பட்டா, சிட்டா, புலப்படம், பதினைந்து வருட வில்லங்கச் சான்று, அ-பதிவேட்டின் (நிலத்தின் வகையும் உரிமையும் எழுதிய கிராமக் கணக்கு) நகல் ஆகிய ஐந்தையும் மேசைமேல் பரப்புங்கள். பட்டாவும் சிட்டாவும் இணையத்திலேயே வரும். முதலில் நஞ்சையா புஞ்சையா என்று பாருங்கள். மாஸ்டர் பிளான் இல்லாத கிராமப் பகுதியில் விவசாய நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற நகர் ஊரமைப்புச் சட்டம், 1971-இன் கீழ் 2017-இல் விதிகள் வந்தன. புஞ்சையானால் நடை குறைவு. நஞ்சையானால் மாவட்ட ஆட்சியரின் இசைவு வேண்டும். பாசனக் கால்வாய் ஓடும் ஆயக்கட்டில் நூறு வருடமாக நெல் விளைந்த மண்ணில் மில் கட்ட நினைத்தால், இந்த ஒன்றே திட்டத்தை ஒன்றரை வருடம் தள்ளிவிடும். அதே குடும்பத்துக்கு மேட்டாங்காட்டில் புஞ்சை இருந்தால் அங்கே போய்விடுவது உத்தமம்.

அ-பதிவேட்டைப் பார்ப்பது வேறொரு காரணத்துக்கு. நிலம் கோயில் பெயரிலோ, பூதானமாகவோ, பஞ்சமி நிலமாகவோ இருந்தால் அங்கே தெரிந்துவிடும். அப்படியிருந்தால் அந்த இடத்தில் ஒரு செங்கல் வைக்காதீர்கள்.

தமிழ்நாட்டில் விவசாயி அல்லாதவர் விவசாய நிலம் வாங்கத் தடை இல்லை, மகாராஷ்டிராவில் உண்டு. ஆனால் நில உச்சவரம்பு உண்டு. 1961-ஆம் ஆண்டுச் சட்டம், 1970-இல் குறைக்கப்பட்டபடி, ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 15 ஸ்டாண்டர்ட் ஏக்கர் (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்). தொழில் நிறுவனம் இதைத் தாண்ட அரசின் தனி அனுமதி வேண்டும். டெல்டாக்காரர்கள் 2020-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தைக் கேட்டுப் பயப்படுவதைப் பார்த்திருக்கிறேன். அது தடுப்பது துத்தநாக, செம்பு உருக்காலை, தோல் பதனிடுதல், எண்ணெய் எரிவாயு எடுத்தல் போன்றவற்றை. அரிசி ஆலைக்கும் செக்குக்கும் அதனால் பாதகமில்லை.

தம்பியின் நிலம் புஞ்சை. வில்லங்கமும் சுத்தம். “பாஸ் ஆயிட்டேன்ல அண்ணா” என்றார். பட்டாவில் தாத்தா பெயரோடு இன்னும் மூன்று பெயர்கள் இருந்தன. அதைப் பென்சிலால் வட்டமிட்டு வைத்தேன்.

படி 4: எண்கள் உதைக்கும் இடங்கள்

இப்போது முதல் தாளின் ஏழு எண்களை எடுத்து வரம்புகளோடு ஒப்பிடுங்கள். வரம்புகளை விற்றுமுதல் வரிசையில் மட்டும் பார்ப்பது பெரிய தவறு. பல வரம்புகளுக்கும் பணத்துக்கும் தொடர்பே இல்லை.

உணவு உரிமத்தில் 2011 விதிகள் வைத்த முதல் வரம்பு 12 லட்சம் விற்றுமுதல். அதுவரை வெறும் பதிவு, வருடத்துக்கு 100 ரூபாய். அதற்கு மேல் மாநில உரிமம், 2,000 முதல் 5,000 வரை. 20 கோடியைத் தாண்டினால் மத்திய உரிமம், 7,500. ஆனால் அதே விதிகளில் சிறு உற்பத்தியாளருக்கு ஒரு நாளைக்கு 100 கிலோ அல்லது லிட்டர் என்ற திறன் வரம்பும் இருக்கிறது. எண்ணெய் ஆலைக்கு மத்திய உரிமம் பணத்தைப் பார்த்து வராது, நாளொன்றுக்கு 2 டன் உற்பத்தியைத் தாண்டுவதைப் பார்த்து வரும். இவை 2011 விதிகள் முதலில் வைத்த எண்கள், பின்னர் மாறியிருக்கலாம். விண்ணப்பிக்கும் நாளில், உணவு உரிமத்துக்கான அரசு இணையதளமான ஃபாஸ்காஸ் காட்டும் எண்தான் உங்கள் எண்.

ஜிஎஸ்டிக்கு தமிழ்நாட்டில் சரக்கு விற்பவருக்கு 40 லட்சம். ஆனால் வரி உள்ள சரக்கை மாநிலம் தாண்டி விற்றால் முதல் ரூபாயிலிருந்தே பதிவு கட்டாயம். கடலூர்க்காரர் பக்கத்திலிருக்கும் பாண்டிச்சேரிக் கடைக்கு நாலு டின் எண்ணெய் போட்டாலும் அது வெளிமாநில விற்பனைதான். இன்ஸ்டாகிராமில் ஆர்டர் பிடித்துப் பெங்களூருக்கு கூரியர் போடுகிறவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. ஆன்லைன் தளங்களில் விற்க முன்பு எவ்வளவு சின்ன ஆளானாலும் பதிவு வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல், மாநிலத்துக்குள் மட்டும் விற்றால், வரம்புக்குள் இருக்கும் வரை விலக்கு உண்டு. சிறு வணிகருக்கான எளிய வரி முறையான கம்போசிஷனில் உற்பத்தியாளர் விற்றுமுதலில் 1 சதவீதம் கட்டினால் போதும், ஆனால் அதிலிருப்பவர் வெளிமாநிலத்துக்கு விற்க முடியாது. தம்பியின் திட்டத்தில் 40 லட்சத்தைத் தொடும் முன்பே பெங்களூரு வந்துவிடுகிறது. அவருடைய உண்மையான ஜிஎஸ்டி வரம்பு பூஜ்யம்.

மின்சாரம் இன்னொரு கதை. தோட்டத்து இலவச சர்வீஸில் செக்கு ஓட்டுவது ஊரில் சகஜம். பறக்கும் படை வந்தால் மின்சாரச் சட்டம், 2003-இன் 126-ஆம் பிரிவில் உரிய கட்டணத்தின் இரண்டு மடங்கு போடுவார்கள். எப்போதிலிருந்து ஓட்டினீர்கள் என்று தெரியாவிட்டால் 12 மாதத்துக்குக் கணக்கு. ஆகவே தொழிலுக்கென்று தனி இணைப்பு. குறுந்தொழிலுக்கான குறைந்த கட்டணப் பிரிவின் வரம்பு 12 கிலோவாட். இப்போது கணக்குப் போடுங்கள்: தம்பியின் 13.5 எச்பி என்பது சுமார் 10 கிலோவாட். மூன்றாவது செக்குக்கு 3 எச்பி மோட்டார் சேர்த்தால் 16.5 எச்பி, 12.3 கிலோவாட். அந்த ஒரு செக்கு அவரை அடுத்த கட்டணப் பிரிவுக்குத் தள்ளுகிறது. ஆகவே மூன்றாவதை மட்டும் வாங்குவதில் லாபமில்லை, வாங்கினால் நான்கையும் சேர்த்து வாங்க வேண்டும். அளந்து பார்ப்பதால் கிடைக்கும் முடிவு இப்படித்தான் இருக்கும். “தடை இருக்கிறது” என்பதோடு நிற்காது.

மாசுக் கட்டுப்பாட்டில் தொழில்களுக்கு நிறம் உண்டு. மத்திய வாரியத்தின் 2016-ஆம் ஆண்டுப் பட்டியலில் சுத்திகரிப்பு இல்லாத எண்ணெய் ஆட்டுதல் பச்சை. மசாலா அரைத்தல் 20 எச்பி வரை பச்சை, அதற்கு மேல் ஆரஞ்சு. பட்டியல் பின்னர் மறுபடியும் திருத்தப்பட்டிருக்கிறது, மாநில வாரியத்தின் இன்றைய பட்டியலில் உங்கள் வரியைத் தேடிப் படித்துவிடுங்கள். வெள்ளையைத் தவிர மற்ற நிறங்களுக்குப் பொதுவாக வரிசை ஒன்று: நிறுவ இசைவு வாங்கிய பிறகு கட்டுவது, இயக்க இசைவு வாங்கிய பிறகு ஓட்டுவது. கட்டி முடித்து ஓட்டிக்கொண்டே விண்ணப்பித்தவர்கள்தான் அலைகிறார்கள்.

ஆட்கள் கணக்கு: 10 பேரில் இஎஸ்ஐ, 20 பேரில் பிஎஃப். தொழிற்சாலைச் சட்டம், 1948-இல் மின்சாரத்தோடு 10 பேர் என்றிருந்த வரம்பு, 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் தொகுப்பில் 20 ஆகியிருக்கிறது. பத்தாவது ஆளை எடுக்காமல் ஒன்பதோடு நிறுத்தி, மீதிப் பேரை மச்சான் பெயரிலிருக்கும் இன்னொரு ஃபர்மில் காட்டுவது பழைய தந்திரம். ஒரே கொட்டகை, ஒரே மின் மீட்டர் என்றால் அது எடுபடாது.

படி 5: ஒரு பாக்கெட்டைக் கையில் எடுங்கள்

உரிமம் வாங்குவது ஒருமுறை வேலை. லேபிள் தினமும் வெளியே போய் உங்களுக்குச் சாட்சி சொல்லும். தம்பியின் ஒரு லிட்டர் கடலெண்ணெய் பாட்டிலை எடுத்து அரைமணி நேரம் பார்த்தோம்.

முன்பக்கம்: “100% தூய மரச்செக்கு கடலை எண்ணெய். கொலஸ்ட்ரால் இல்லை. இதயத்துக்கு இதம்.” இந்த மூன்றில் கடைசி இரண்டும் வில்லங்கம். சமையல் எண்ணெயின் லேபிளில் இதயத்துக்கு இதமானது, கொலஸ்ட்ராலோடு போராடுவது என்ற பாணியில் எழுதக் கூடாது என்றே விதி இருக்கிறது. நோயைத் தீர்க்கும் என்று சொன்னால் இன்னும் மோசம். அளவு “1 லிட்டர்” என்று மட்டும் இருந்தது. எடையையும் போட வேண்டும். கடலெண்ணெய் லிட்டருக்கு சுமார் 910 கிராம்தான். பின்பக்கம் தயாரித்த தேதி, பேட்ச் எண், உரிம எண் எல்லாம் சரி. நிலக்கடலை ஒவ்வாமை தரும் பொருள் என்ற அறிவிப்பு இல்லை. எம்ஆர்பி இருந்தது. புகார் சொல்ல ஃபோன் நம்பர் இருந்தது, மின்னஞ்சல் இல்லை.

மஞ்சள் தூள் பாக்கெட்டில் பெரிதாக “ஈரோடு மஞ்சள்”. 2019-இல் ஈரோடு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஈரோட்டில் இருப்பதாலேயே அந்தப் பெயரைக் குறியீட்டோடு பாக்கெட்டில் போட முடியாது, அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்ய வேண்டும். இது தடை போலத் தெரியும்; பதிவு செய்துவிட்டால் உங்களுக்கு வேலியாகிவிடும். “ஆர்கானிக்” என்ற சொல்லும் அப்படித்தான். அரசு ஏற்ற இயற்கை வேளாண் சான்றுகளான என்பிஓபி அல்லது பிஜிஎஸ் இல்லாமல் அந்தச் சொல்லைப் பாக்கெட்டில் போடக் கூடாது. 12 லட்சத்துக்குள் விற்றுமுதல் உள்ள சிறு உற்பத்தியாளர் நேரே வீட்டுக்காரருக்கு விற்றால் சான்றிலிருந்து விலக்கு உண்டு. கடைக்குக் கொடுத்தால் போயிற்று.

பாத்திரம் கொண்டுவந்து “ரெண்டு லிட்டர் ஊத்துங்க” என்று கேட்பவருக்கு ஊற்றிக் கொடுப்பது செக்கு வைத்திருப்பவரின் அன்றாடம். சமையல் எண்ணெயைச் சில்லறையாக ஊற்றி விற்கக் கூடாது, அடைத்து லேபிளோடுதான் விற்க வேண்டும் என்பது விதி. அரைத்த மசாலாவுக்கும் அதே. வாடிக்கையாளர் கொண்டுவரும் கடலையைக் கூலிக்கு ஆட்டிக் கொடுப்பது வேறு விஷயம், அங்கே நீங்கள் எண்ணெய் விற்கவில்லை.

லேபிளுக்குள்ளே இருக்கும் சரக்கும் தேற வேண்டும். கடலெண்ணெயின் அமில மதிப்பு 6.0-க்கு மேல் போகக் கூடாது. பழைய பருப்பு, ஈரம் பட்ட பருப்பு ஆட்டினால் தாண்டிவிடும். மஞ்சள் தூளில் ஈரப்பதம் 10 சதவீதத்துக்குள்ளும், குர்குமினாய்டு குறைந்தது 2 சதவீதமும் இருக்க வேண்டும். தரக்குறைவுக்கு 2006-ஆம் ஆண்டுச் சட்டம் 5 லட்சம் வரை, தவறான லேபிளுக்கு 3 லட்சம் வரை அபராதம் வைத்திருக்கிறது. அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் ஒரு சாம்பிளைக் கொடுத்துப் பார்ப்பதற்கு ஆகும் செலவு இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. மின்னணுத் தராசுக்கு முத்திரை வருடா வருடம். இதைச் சொல்லும்போது யாரும் காது கொடுப்பதில்லை, மாட்டும்போதுதான் ஞாபகம் வரும்.

படி 6: வாங்கும் வாசல், விற்கும் வாசல்

வேளாண் விளைபொருள் சந்தைப்படுத்தல் சட்டம், 1987-இன் கீழ் அறிவிக்கை செய்யப்பட்ட பொருளுக்குச் சந்தைக் கட்டணம் உண்டு, வழக்கமாக 1 சதவீதம், வாங்குகிறவர் தலையில். நீங்கள் நிலக்கடலைப் பருப்பு எங்கே வாங்குகிறீர்கள், அந்தப் பொருள் உங்கள் மாவட்டத்தில் அறிவிக்கை ஆகியிருக்கிறதா, கூடத்துக்கு வெளியே வாங்கினால் கட்டணம் உண்டா என்ற மூன்றையும் விற்பனைக் குழு அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். 2020-இல் வந்த மத்திய வேளாண் சட்டங்களை நம்பி ‘இனிமேல் செஸ் (சந்தைக் கட்டணம்) இல்லை’ என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. அவை 2021-லேயே திரும்பப் பெறப்பட்டுவிட்டன.

விவசாயிகளோடு முன்கூட்டியே விலை பேசி வாங்குவதானால் தமிழ்நாட்டுக்கென்று 2019-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சாகுபடிச் சட்டம் இருக்கிறது. வாய்ப்பேச்சை விட அது இருவருக்கும் நல்லது. கரும்பு வாங்கி வெல்லம் காய்ச்ச நினைப்பவர், அந்த ஊர் ஏதாவது சர்க்கரை ஆலையின் ஒதுக்கீட்டுப் பகுதிக்குள் வருகிறதா, விவசாயி ஆலைக்குப் பதிவு செய்திருக்கிறாரா என்று பார்த்துவிட வேண்டும்.

அளக்கவே முடியாத தடை ஒன்று உண்டு: டெல்லியில் ராத்திரி போடும் ஆணை. அத்தியாவசியப் பொருள்கள் சட்டம், 1955-இன் கீழ் 2022-இல் எண்ணெய் வித்துகளுக்கு இருப்பு வரம்பு வந்தபோது, ஆலைக்காரர் 90 நாள் உற்பத்திக்கு மேல் சரக்கு வைக்க முடியாத நிலை. அறுவடைக் காலத்தில் மலிவாக வாங்கி வருடம் முழுக்க ஆட்டும் திட்டம் அதோடு படுத்துவிடும். 2023 ஜூலை 20-இல் பச்சரிசி உள்ளிட்ட பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதி நின்றது; அதே வருடம் டிசம்பர் 8-இல் வெங்காயம் நின்றது. இதற்கு உரிமம் எதுவும் வாங்கி வைக்க முடியாது. உங்கள் வருமானத்தில் எத்தனை பங்கு அப்படி ஒரே ஆணையில் நின்றுபோகும் என்று மட்டும் கணக்குப் போட்டு வையுங்கள். பாதிக்கு மேல் என்றால் இன்னொரு பொருளைச் சேர்க்க வேண்டும்.

ஏற்றுமதிக்கு ஐஇசி என்னும் ஏற்றுமதி இறக்குமதி எண், மஞ்சளுக்கு ஸ்பைசஸ் போர்டு பதிவு, முருங்கை, காய்கறிக்கு மத்திய அரசின் வேளாண் ஏற்றுமதி அமைப்பான அபீடாவில் பதிவு. இவை எளிதானவை. உண்மையான தடை, வாங்கும் நாடு வைத்திருக்கும் பூச்சிமருந்து எச்ச வரம்புகளில் இருக்கிறது, அது வயலில் தெளித்த மருந்திலேயே முடிவாகிவிடுகிறது.

படி 7: சட்டம் சொல்வது, அலுவலகம் சொல்வது, ஊர் சொல்வது

இதுவரை சேர்த்த ஒவ்வொரு தடைக்கும் நேரே மூன்று கட்டம் போடுங்கள். விதியின் எண்ணும் வாசகமும் முதல் கட்டத்தில். அலுவலகத்தில் கேட்டால் என்ன சொன்னார்கள் என்பது இரண்டாவதில். டீக்கடையில் கேட்டது மூன்றாவதில். மூன்றும் ஒத்துப்போனால் அது நிஜத் தடை. முதல் கட்டம் காலியாக இருந்து மற்ற இரண்டும் நிரம்பியிருந்தால் அது பழக்கம், சட்டமில்லை.

எனக்கே ஒருமுறை நடந்தது. ஓர் அலுவலகத்தில் நாலு மாதம், “பக்கத்து நிலத்துக்காரங்க எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கிட்டு வாங்க” என்று திருப்பி அனுப்பினார்கள். ஐந்தாவது முறை, எந்த விதியில் இருக்கிறது என்று எழுதிக் கொடுங்கள் என மனு வைத்தேன். அடுத்த வாரம் கோப்பு நகர்ந்தது. அங்கிருந்தவரும் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அவருக்கு முன்னால் இருந்தவர் கேட்டார், இவரும் கேட்டார்.

எத்தனை நாள் ஆகும் என்பதற்கு இணையத்தில் போட்டிருக்கும் நாள் கணக்கை நம்ப வேண்டாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேளுங்கள்: கடந்த வருடம் இதே இசைவுக்கு வந்த விண்ணப்பங்கள் எத்தனை, முடிந்தவை எத்தனை, ஒவ்வொன்றும் பெற்ற தேதி, முடித்த தேதி. 30 நாளில் பதில் வர வேண்டும். அந்தத் தேதிகளைக் கழித்துப் பார்த்தால் உங்கள் வட்டத்தின் நிஜ வேகம் தெரியும். குறு, சிறு தொழிலுக்கு மாவட்டத் தொழில் மையம்தான் ஒற்றைச் சாளர வாசல். 2018-ஆம் ஆண்டுத் தொழில் எளிதாக்கல் சட்டம் வைத்த காலக்கெடுவைக் காட்டி அங்கே கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

படி 8: எது எதைப் பிடித்துவைத்திருக்கிறது?

கடைசியாக ஒவ்வொரு தடைக்கும் பக்கத்தில் மூன்று எண் எழுதுங்கள்: ஆகும் ரூபாய், ஆகும் நாள், இது முடியாவிட்டால் நின்றுபோகும் மற்ற வேலைகள் எத்தனை. முதல் இரண்டை எல்லோரும் எழுதுகிறார்கள். மூன்றாவதில்தான் விஷயம்.

தம்பியின் தாளில் உணவு உரிமத்துக்கு சில ஆயிரம் ரூபாய், சில வாரம், அது இல்லாவிட்டால் நிற்பது விற்பனை ஒன்று. ஜிஎஸ்டிக்குப் பதிவுச் செலவு இல்லை, பிறகு ஆடிட்டருக்கு மாதச் செலவு. லேபிளை மாற்றப் பழைய ஸ்டிக்கர் கட்டைத் தூக்கிப் போட வேண்டும், அவ்வளவுதான். மாசுக் கட்டுப்பாட்டு இசைவு பச்சையில் முடிந்துவிடும்.

பிறகு பென்சில் வட்டத்துக்கு வந்தோம். தாத்தா இறந்து பதினெட்டு வருடம். பட்டா இன்னும் கூட்டு. புது மின் இணைப்புக்கு மற்ற பங்காளிகளின் சம்மதக் கடிதம் வேண்டும். கட்டட அனுமதிக்கு உரிமை ஆவணம் வேண்டும். வங்கி அடமானத்துக்கு எல்லோருடைய கையெழுத்தும் வேண்டும். கடன் கிடைக்காவிட்டால், 35 சதவீத மானியம் தரும் மத்திய அரசுத் திட்டமும் கைகூடாது, அது வங்கிக் கடனோடு இணைந்தது. செலவு என்று பார்த்தால் பாகப்பிரிவினைப் பத்திரம், அளவை, உட்பிரிவு, தனிப் பட்டா. நாள் என்ற கட்டத்தில் அவர் எதையும் எழுதவில்லை.

“சின்னப் பெரியப்பா திருப்பூர்ல இருக்காருங்க. பேசி ஆறு வருசமாச்சு” என்றார்.

நிற்கும் வேலைகள் என்ற கட்டத்தில் நான்கு என்று எழுதினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சீப்பு வாழைப்பழமும் இரண்டு லிட்டர் எண்ணெயும் எடுத்துக்கொண்டு தம்பி திருப்பூருக்கு பஸ் ஏறினார்.